எவ்வளவு போதும்?

ரீயூனியன் மலருக்குக் கட்டுரை கேட்டு மலர்க் குழுவிலிருந்து போன் வந்தபோது, தப்பிக்கப் பார்த்தேன். ஹாஸ்டல் மெஸ் சாம்பாரையும் கல்ச்சுரல்ஸ் கலாட்டாவையும் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் எங்கள் பேட்ச்சிலேயே நாற்பது பேர் இருக்கிறார்கள் என்றேன். "அதெல்லாம் நிறைய வந்தாச்சு. நீ வேற ஏதாவது எழுது, சரித்திரம் மாதிரி" என்றார்கள். சரி, சரித்திரமே எழுதுகிறேன். ஆனால் இது கல்லூரிச் சரித்திரம் அல்ல, நுரையீரல் அறுவையின் சரித்திரம். 'ஒரு மெக்கானிக்கல்காரனுக்கு இதில் என்ன வேலை?' என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கவும். கதை நம் மெஷின் டிசைன் வகுப்பில்தான் தொடங்குகிறது.

மூன்றாம் வருஷம் டிசைன் எடுத்த சாரை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி நடத்திய அன்று அவர் கரும்பலகையில் எதுவும் எழுதாமல் திரும்பி நின்று சொன்னார்: "இதுக்கு இன்னொரு பேர் உண்டு. ஃபேக்டர் ஆஃப் இக்னரன்ஸ். அறியாமைக் காரணி. லோடு என்னன்னு உனக்குச் சரியாத் தெரியாது, மெட்டீரியல் எப்படின்னு தெரியாது. அதனால ஒன்றுக்கு மூன்றாய் இரும்பைப் போடுறே. தெரியாததுக்கு நீ கட்டுற வரி அது." நாங்கள் சிரித்தோம். பரீட்சைக்கு வரும் என்று குறித்துக்கொண்டோம். அதோடு மறந்தும்போனோம்.

2023-இல் அது திரும்பி வந்தது. என் தாய்மாமா ஸ்கூட்டரிலிருந்து விழுந்து விலாவில் அடிபட்டுக்கொண்டார். சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். எலும்பு முறியவில்லை. ஆனால் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு நிழல், 14 மில்லிமீட்டர். பழைய டி.பி. தழும்பாக இருக்கலாம் என்றார்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி எடுத்ததில் கொஞ்சம் வளர்ந்திருந்தது. ஊசி போட்டு எடுத்துப் பார்த்ததில் கேன்சர் என்று வந்தது. ஆரம்ப நிலைதான், வேறெங்கும் பரவின அடையாளம் இல்லை. சர்ஜன் நிதானமாக உட்கார்ந்து பேசினார். "கீழ் மடல் முழுசா எடுக்கலாம். இல்லை, அதில் ஒரு கூறு மட்டும் எடுக்கலாம். ரெண்டும் சரியான வழிதான். வீட்டில் பேசிட்டுச் சொல்லுங்க."

வெளியே வந்ததும் மாமா என்னைப் பார்த்துக் கேட்டார்: "மாப்ளே, நீ இன்ஜினியர்தானே. கணக்குப் போட்டுச் சொல்லு. எவ்வளவு எடுத்தாப் போதும்?"

பம்ப்புக்குக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். மனுஷனுக்கு எப்படிச் சொல்வது? "ஒரு வாரம் டைம் குடுங்க மாமா" என்று சொல்லிவிட்டுப் படிக்க உட்கார்ந்தேன். படிக்கப் படிக்கத் தெரிந்தது, மாமா கேட்ட அதே கேள்வியை சர்ஜன்கள் தொண்ணூறு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது.

மாடியும் அறையும்

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். வலது நுரையீரலில் மூன்று மடல்கள், இடதில் இரண்டு. வலது நுரையீரலை ஒரு மூன்று மாடி வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாடியிலும் சில அறைகள் உண்டு. மொத்தம் பத்து. அந்த அறைகள்தான் கூறுகள். ஒவ்வொரு கூறுக்கும் தனிக் காற்றுக்குழாய், தனித் தமனி. சிரைகள் மட்டும் அறைகளுக்கு நடுவிலுள்ள சுவர் வழியாக ஓடும். ஆகவே மனசு வைத்தால் பக்கத்து அறைகளைக் கெடுக்காமல் ஓர் அறையை மட்டும் எடுக்க முடியும். ஆனால் நுணுக்கமான வேலை.

சர்ஜனுக்கு நான்கு வழிகள். ஒரு பக்க நுரையீரல் முழுவதையும் எடுப்பது, ஒரு மடலை எடுப்பது, ஒரு கூறை எடுப்பது, அறைச் சுவர்களைப் பற்றிக் கவலைப்படாமல் கட்டியைச் சுற்றி ஆப்பு வடிவில் வெட்டி ஸ்டேப்ளர் அடித்து மூடுவது. குறைவாக எடுத்தால் மூச்சு மிஞ்சும். அப்படியானால் ஏன் எல்லோருக்கும் குறைவாகவே எடுப்பதில்லை? கேன்சர் கட்டியோடு நிற்பதில்லை. நிணநீர்க் குழாய்கள் வழியாகக் காற்றுக்குழாய்களை ஒட்டியே நகர்ந்து, வழியிலுள்ள நெறிக்கட்டிகளில் போய்த் தங்கும். கண்ணுக்குத் தெரிந்த கட்டியை மட்டும் எடுத்துவிட்டு, தெரியாத விதையை விட்டுவிடும் பயம். இந்தப் பயத்துக்கு எவ்வளவு சதை பலி என்பதுதான் முழுக் கதையும்.

ஒரு டாக்டர் நோயாளி

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெஞ்சைத் திறப்பதே பெரிய கண்டம். திறந்தால் வெளிக்காற்று புகுந்து நுரையீரல் சுருங்கிவிடும். 1912-இல் இங்கிலாந்தில் ஹ்யூ மாரிஸ்டன் டேவிஸ் என்ற சர்ஜன், எக்ஸ்-ரேயில் கண்ட ஒரு நுரையீரல் கட்டிக்காக ஒரு மடலை, குழாய்களைத் தனித்தனியே பிரித்துக் கட்டி, முறைப்படி எடுத்தார். அறுவை நன்றாக முடிந்தது. எட்டாம் நாள் நோயாளி இறந்துவிட்டார். நெஞ்சுக்கூட்டில் சேர்ந்த சீழை வடிக்க அன்று நல்ல வழி இல்லை. கை சரியாக இருந்தது, காலம் தயாராகவில்லை.

1933 ஏப்ரல் 5. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரின் பார்ன்ஸ் ஆஸ்பத்திரி. சர்ஜன் எவார்ட்ஸ் கிரஹாம். நோயாளி பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த ஜேம்ஸ் கில்மோர். இவரும் டாக்டர்தான், பிரசவ மருத்துவர், வயது 48. அறுவைக்கு முன் கல்லறைத் தோட்டத்தில் தனக்கு இடம் வாங்கி வைத்துவிட்டுத்தான் வந்தார் என்று ஒரு கதை உண்டு. திட்டம் என்னவோ ஒரு மடலை எடுப்பதுதான். திறந்து பார்த்தால், கட்டி இருந்த இடம் மடலை மட்டும் பிரித்தெடுக்க விடவில்லை. கிரஹாம் அங்கேயே முடிவெடுத்து, இடது நுரையீரல் முழுவதையும் ஒரே அமர்வில் எடுத்தார். காலியான இடத்தை நெஞ்சுச் சுவர் இறங்கி நிரப்புவதற்காக ஏழு விலா எலும்புகளையும் எடுத்தார். கில்மோர் பிழைத்தார். வேலைக்குத் திரும்பி முப்பது வருஷம்போல வாழ்ந்தார்.

ஒரு நுரையீரலோடு மனிதன் வாழ முடியும் என்பதை அந்த அறுவை காட்டியது. இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கிரஹாம் முழு நுரையீரலை எடுத்தது 'அதுதான் சிறந்தது' என்று நிரூபித்த பிறகு அல்ல. அந்த ஒரு மேஜையில், அந்த ஒரு கட்டிக்கு வேறு வழியில்லாமல் எடுத்தார். ஆனால் அதற்குப் பிறகு ஏறக்குறைய இருபது வருஷம் அதுவே விதியாகிவிட்டது. நியூ ஆர்லியன்ஸின் ஆல்ட்டன் ஆக்ஸ்னர் போன்ற பெரிய சர்ஜன்களும் நுரையீரல் கேன்சர் என்றால் முழுதாக எடுப்பதே முறை என்று வாதாடினார்கள். அன்று அவர்களிடம் இருந்தது சாதா எக்ஸ்-ரேயும் மூச்சுக்குழாய்க்குள் விடும் நேர்க்குழாயும்தான். பார்க்க முடியாததற்கெல்லாம் சேர்த்து வெட்டினார்கள். நம் சார் சொன்ன வரி.

கிரஹாம் பெரிய சிகரெட் பிரியர். எர்ன்ஸ்ட் வைண்டர் என்ற மருத்துவ மாணவர் அவரிடம் வந்து, புகைக்கும் நுரையீரல் கேன்சருக்கும் தொடர்பு உண்டா என்று ஆராய வேண்டும் என்றபோது அவர் நம்பவில்லை. ஆனாலும் தடுக்கவில்லை. இருவரும் சேர்ந்து 684 நோயாளிகளின் விவரத்தை 1950-இல் வெளியிட்டார்கள். கணக்கு, தொடர்பு உண்டு என்றது. கிரஹாம் சிகரெட்டை விட்டார். ஆனால் காலம் கடந்துவிட்டிருந்தது. 1957-இல் அவரே நுரையீரல் கேன்சரில் இறந்தார். தெரியவந்தபோது அறுவைக்கான கட்டத்தைத் தாண்டியிருந்தது. அவர் நெஞ்சைத் திறந்த கில்மோர் அப்போதும் உயிரோடிருந்தார்.

மடல் விதியானது

முழு நுரையீரலை எடுத்தால் பாதி மூச்சு போகும். இதயத்தின் வலது பக்கத்துக்குச் சுமை கூடும். அறுவையிலேயே இறந்தவர்களும் அதிகம். பாஸ்டனில் எட்வர்ட் சர்ச்சில் குழுவினர் 1950-இல் தங்கள் நோயாளிகளின் கணக்கைப் பார்த்தபோது, கட்டி ஒரு மடலுக்குள் அடங்கியிருந்து அந்த மடலை மட்டும் எடுத்தவர்கள் ஒன்றும் மோசமாகப் போகவில்லை என்று தெரிந்தது. 1960-இல் நியூயார்க்கின் வில்லியம் கேஹன், மடலோடு அதன் நெறிக்கட்டிகளையும் சேர்த்து எடுக்கும் முறையை விவரித்தார். அதுமுதல் மடலே விதியாயிற்று. முழு நுரையீரலோடு மடலைச் சீட்டுக் குலுக்கி ஒப்பிட்ட சோதனை எதுவும் நடக்கவில்லை. அனுபவத்தில் தேறியது, நிலைத்தது.

சர்ச்சில் இன்னொன்றும் செய்திருந்தார். 1939-இலேயே ரொனால்ட் பெல்சியுடன் சேர்ந்து, கேன்சருக்காக அல்ல, மூச்சுக்குழாய் விரிந்து சீழ் பிடிக்கும் நோய்க்காக, இடது மேல் மடலின் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக் காட்டினார். நுரையீரல் அறுவையில் மடலின் இடத்தை ஒரு நாள் கூறு பிடிக்கலாம் என்று அப்போதே எழுதினார்கள். கேன்சருக்கும் அதைச் செய்து பார்த்தவர் சிகாகோவின் ராபர்ட் ஜென்சிக். பதினைந்து வருஷ அனுபவத்தை 1973-இல் வெளியிட்டார். சின்னக் கட்டிக்குக் கூறு போதும் என்றார். பாதிப் பேர் நம்பினார்கள், பாதிப் பேர் நம்பவில்லை.

இந்த இடத்தில்தான் நம் தொழிலில் அடிக்கடி நடக்காத ஒன்றை அவர்கள் செய்தார்கள். வாதாடி ஜெயிக்கப் பார்க்காமல் சோதித்தார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 1982 முதல் 1988 வரை, 3 சென்டிமீட்டருக்கு உட்பட்ட கட்டி உள்ள 276 பேரைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு மடல், இன்னொரு பிரிவுக்குக் கூறோ ஆப்போ. ராபர்ட் கின்ஸ்பெர்க்கும் லாரன்ஸ் ரூபின்ஸ்டைனும் 1995-இல் முடிவை எழுதினார்கள். குறைவாக எடுத்தவர்களுக்கு அதே இடத்தில் கேன்சர் திரும்பி வந்தது மூன்று மடங்கு. இறப்பும் கூடுதல் பக்கமே சாய்ந்தது.

வாதம் முடிந்தது. மடல்தான். கூறு என்பது, மடலை எடுத்தால் தாங்காத பலவீனர்களுக்கு மட்டும். கிட்டத்தட்ட கால் நூற்றாண்டு உலகமெங்கும் அதுதான் பாடம்.

ஓர் இன்ஜினியர் குறுக்கிட்டார்

இந்த இடத்தில் நம் ஆள் ஒருவர் கதைக்குள் வருகிறார். காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட், டாக்டர் அல்ல, எலக்ட்ரிக்கல் இன்ஜினியர். இ.எம்.ஐ. கம்பெனியில் வேலை. பல கோணங்களிலிருந்து எக்ஸ்-ரேயைச் செலுத்தி, வெளிவரும் அளவுகளைக் கம்ப்யூட்டரில் போட்டு, உள்ளே இருப்பதைத் துண்டு துண்டாக வரைந்துவிடலாம் என்று கண்டார். 1971-இல் லண்டனில் ஒரு நோயாளியின் தலையை முதன்முதலாக ஸ்கேன் செய்தார்கள். 1979-இல் இயற்பியலாளர் ஆலன் கார்மேக்குடன் சேர்த்து அவருக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. மருத்துவம் படிக்காதவருக்கு மருத்துவ நோபல். தம்பி தங்கைகள் கவனிக்கவும்.

சாதா எக்ஸ்-ரேயில் ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவான கட்டி பெரும்பாலும் தப்பிவிடும். சி.டி.யில் சில மில்லிமீட்டர்கூடத் தெரியும். அளவு மட்டுமல்ல, குணமும் தெரிய ஆரம்பித்தது. பாத்ரூம் ஜன்னலுக்கு ஒரு மங்கல் கண்ணாடி போடுவோமே, அந்த மாதிரிப் பின்னால் உள்ளது லேசாகத் தெரியும் நிழல் ஒரு வகை. வெள்ளையாக, கெட்டியாகத் தெரிவது இன்னொரு வகை. மங்கல் நிழல்களில் பல மெதுவாக வளர்பவை, பரவும் குணம் குறைந்தவை. கெட்டிப் பகுதி எவ்வளவு என்பதுதான் ஆபத்தின் அளவுகோல். கின்ஸ்பெர்க் முடிவு வெளிவந்த அதே 1995-இல் ஜப்பானில் மசாயுகி நோகுச்சி குழுவினர் சின்னக் கட்டிகளை மைக்ரோஸ்கோப்பில் வகை பிரித்து, சில வகைகள் பரவுவதே இல்லை என்று காட்டினார்கள்.

1980-களின் சோதனையில் 3 சென்டிமீட்டர் வரை சேர்த்திருந்தார்கள். எல்லோருக்கும் சி.டி. கட்டாயமில்லை. 'சின்னக் கட்டி' என்று அவர்கள் சொன்னதற்குள் இன்று நாம் நான்காகப் பிரிக்கும் நோய்கள் கலந்திருந்தன. அந்தச் சோதனை தப்பு என்று நான் சொல்லவில்லை. அன்றைய கண்ணுக்கு அது சரியான விடை. கண் மாறியதும் கேள்வியைத் திரும்பக் கேட்க வேண்டியதாயிற்று.

ஜப்பானில் கேட்டார்கள். 2009 முதல் 2014 வரை 70 மருத்துவமனைகளில் 1,106 பேர். கட்டி 2 சென்டிமீட்டருக்குள், நுரையீரலின் வெளிவிளிம்பில், பாதிக்கு மேல் கெட்டி. பாதிப் பேருக்கு மடல், பாதிப் பேருக்குக் கூறு. ஜே.சி.ஓ.ஜி. 0802 என்று பெயர். முடிவு 2022-இல் வந்தது. ஐந்து வருஷம் கழித்து உயிரோடிருந்தவர்கள்: மடல் எடுத்தவர்களில் 91.1 சதவீதம், கூறு எடுத்தவர்களில் 94.3 சதவீதம். குறைவாக எடுத்தவர்கள் கூடுதலாகப் பிழைத்திருந்தார்கள்!

ஆனால் இந்த ஒரு வரியோடு புத்தகத்தை மூடிவிடக் கூடாது. அருகிலேயே கேன்சர் திரும்பி வந்தது கூறு எடுத்தவர்களில் 10.5 சதவீதம், மடல் எடுத்தவர்களில் 5.4 சதவீதம். ஏறக்குறைய இரட்டிப்பு. மூச்சுத் திறனில் 10 சதவீதமாவது லாபம் இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள், ஒரு வருஷம் கழித்துக் கிடைத்தது 3.5 சதவீதம்தான். பிறகு எப்படிக் கூடுதலாகப் பிழைத்தார்கள்? மடல் பிரிவில் வேறு நோய்களால் இறந்தவர்கள் 52 பேர், கூறு பிரிவில் 27 பேர். வயதானவருக்கு நாளை இன்னொரு நோய் வரும், இன்னொரு கேன்சரே வரலாம். அப்போது எதிர்த்து நிற்கக் கையிருப்பு வேண்டும் என்பது ஒரு விளக்கம்.

அடுத்த வருஷம், 2023-இல், அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியாவில் நடந்த சி.ஏ.எல்.ஜி.பி. 140503 சோதனையின் முடிவு வந்தது. 697 பேர், 2 சென்டிமீட்டருக்கு உட்பட்ட கட்டி. இதில் குறைவாக எடுத்தவர்களில் பாதிக்கு மேல் வெறும் ஆப்பு வெட்டுதான். ஐந்து வருஷத்தில் நோய் திரும்பாமல் உயிரோடிருந்தவர்கள்: குறைவாக எடுத்தவர்களில் 63.6, மடல் எடுத்தவர்களில் 64.1. கிட்டத்தட்டச் சமம். சேர்க்க வந்தவர்கள் உண்மையில் 1,080 பேர். அறுவை மேஜையிலேயே நெறிக்கட்டிகளை எடுத்து, உறைய வைத்து, சோதித்து, சுத்தம் என்று தெரிந்த பிறகுதான் சீட்டுக் குலுக்கினார்கள். மிச்சப்பேர் அந்தச் சல்லடையில் நின்றுவிட்டார்கள். 'குறைவாகப் போதும்' என்ற விடைக்கு விலை அந்தச் சல்லடை.

மாமாவிடம் சொன்னது

ஒரு வாரம் கழித்து மாமா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இதையெல்லாம் சொன்னேன். அத்தை காபி கொண்டு வந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றார். "உங்க கட்டி 14 மில்லிமீட்டர், ஓரத்தில் இருக்கு. அந்த ரெண்டு சோதனைக்கும் பொருந்துற கட்டி. கூறு எடுத்தாப் போதும்னு சொல்ல ஆதாரம் இருக்கு மாமா. ஆனா அதே இடத்தில் திரும்பி வர்ற வாய்ப்பு கொஞ்சம் கூட. வருஷக்கணக்கா விடாம ஸ்கேன் எடுக்கணும்" என்றேன். எண்களை ஒரு தாளில் எழுதிக் காட்டினேன்.

மாமா ரிட்டயர்டு பாங்க் ஆபீசர். தாளை வாங்கிக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். "நூற்றுக்கு அஞ்சு பேர் கூடுதலா இங்கே. ஆனா உசிரு கணக்குல குறையலை. சரி. உள்ளே போய்ப் பார்த்து நெறிக்கட்டியில இருந்தா என்ன செய்வாங்க?"

"மடலை எடுத்திடுவாங்க. ஜப்பான்லயும் கூறு எடுக்கப் போன 22 பேருக்கு அப்படி மாத்திச் செஞ்சிருக்காங்க."

"அப்போ அந்த அதிகாரத்தை அவர்கிட்டயே குடுத்துடலாம். முன்கூட்டி நான் கையெழுத்துப் போட்டுத் தரேன்."

சர்ஜனிடம் போனோம். அவர் என் தாளைப் பார்த்துச் சிரித்தார். கட்டியைச் சுற்றி நல்ல திசு 2 சென்டிமீட்டராவது கிடைக்க வேண்டும், கிடைக்காவிட்டால் மடல், நெறிக்கட்டியில் இருந்தால் மடல் என்று தன் நிபந்தனைகளை அதன் கீழேயே எழுதினார். அறுவை அன்று நெறிக்கட்டி சுத்தம் என்று தியேட்டரிலிருந்து தகவல் வரும்வரை ஐம்பது நிமிஷம். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான ஐம்பது நிமிஷம் எந்த வைவாவிலும் கண்டதில்லை. கீழ் மடலின் மேல்கூறு மட்டும் போயிற்று. நாலு நாள் காற்றுக் கசிவு, அதற்கான குழாய், பிறகு வீடு. இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்கிறார். இதுவரை சுத்தம். மாடி ஏறுகிறார். மாமா நன்றாயிருக்கிறார் என்பதால் முடிவு சரி என்று ஆகிவிடாது என்று எனக்கும் தெரியும். ஓர் ஆள் ஓர் ஆள்தான். 1,106 பேர் தங்கள் உடம்பைச் சீட்டுக் குலுக்கலுக்குக் கொடுத்ததால்தான் அந்தத் தாளில் எழுத எனக்கு எண்கள் இருந்தன.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நம் நாட்டில் நுரையீரல் கேன்சர் பெரும்பாலும் முற்றிய பிறகுதான் தெரியவருகிறது. டி.பி. என்று நினைத்து மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டவர்கள் ஏராளம். மடலா கூறா என்று திண்ணையில் உட்கார்ந்து யோசிக்கக் கொடுத்துவைத்தவர்கள் சொற்பம். மாமாவுக்கு அந்த வாய்ப்பைக் கொடுத்தது ஒரு ஸ்கூட்டர் விபத்து. மூன்று வாரத்துக்கு மேல் இருமலோ, சளியில் ரத்தமோ இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். சிகரெட் பிடிப்பவர்கள் கிரஹாமை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. வேலையில் சேர்ந்ததும் உங்கள் கையில் ஒரு பழைய டிராயிங் வரும். அதில் ஒரு தடிமன் எழுதியிருக்கும். ஏன் அவ்வளவு என்று கேட்டால் 'எப்பவும் அப்படித்தான்' என்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு அதைக் காப்பி அடிக்காதீர்கள். அதே சமயம், புத்திசாலித்தனம் காட்டுவதற்காக ஒரு மில்லிமீட்டரைக்கூடக் குறைக்காதீர்கள். அந்தத் தடிமனைப் போட்டவருக்கு எது தெரியாமல் இருந்தது, இன்று நமக்கு எது தெரியும் என்று தேடுங்கள். தெரிந்த பிறகும் சோதித்துப் பார்த்துவிட்டுக் குறையுங்கள்.

டிசைன் சார் ரீயூனியனுக்கு வருகிறார் என்று கேள்விப்பட்டேன். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், கொண்டு வந்து காட்டப்போகிறேன். மாமாவும் வருகிறேன் என்றிருக்கிறார். மெஸ் சாப்பாடு எப்படி இருக்கும் என்று கேட்டார். அதற்கு மட்டும் இன்னும் பதில் சொல்லவில்லை.